இருநூற்று அறுபத்து மூன்றில் நின்றது

டிசம்பர் ஆறாம் தேதி, சனிக்கிழமை, மாலை நான்கு மணி இருபது நிமிடம். நானூற்றுப் பன்னிரண்டில் இருநூற்று அறுபத்து மூன்று. இந்த இரண்டையும் முதலில் எழுதி வைத்துவிடுகிறேன்.

நேரம், ஜெபா டீச்சர் எனக்கு போன் செய்த நேரம். வண்ணார்பேட்டைக் கடையில் ஒரு காரின் கதவைப் பிரித்து ஸ்பீக்கர் மாட்டிக்கொண்டிருந்தேன். "தம்பி, எபனேசர் அண்ணாச்சி நம்மள விட்டுட்டுப் போயிட்டாங்கப்பா" என்றார் டீச்சர். வேறு யாராக இருந்தாலும் "எப்படி?" என்று கேட்டிருப்பார்கள். நான் "எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன். டீச்சர் ஒரு நொடி அழுகையை நிறுத்திவிட்டு, "என்னப்பா கேள்வி இது?" என்றார்.

எண்ணிக்கை, அண்ணாச்சியின் கார் ஸ்டீரியோவின் திரையில் நின்றது. இஞ்சினை அணைக்கும் முன் அவர் மகள் பெனிட்டா அதைப் பார்த்திருக்கிறாள்.

நினைவுக் கூட்டத்தில் கொடுக்கும் தாளுக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். அவர் எழுத்தராக இருந்த பால் சங்கத்துக்கும் இந்தத் தாள் போகும் என்றார்கள். அந்த ஆட்களுக்காகச் சொல்கிறேன்: உங்கள் ஆபீசில் பேசவே பேசாத அந்த மனிதர்தான் பத்தொன்பது வருடம் எங்கள் ஆலயத்தின் பாடகர் குழுவை நடத்தினார். பாஸ் குரல், பாட்டின் நான்கு பாகங்களில் அடியில் ஒலிப்பது. அவர் கீழே நின்றால்தான் நாங்கள் மேலே நிற்க முடியும்.

அவருடைய கார்தான் எங்கள் பயிற்சி அறை. ஞாயிறு காலை தச்சநல்லூரிலிருந்து கிளம்பி, வழியில் எங்களை ஏற்றிக்கொண்டு பாளையங்கோட்டைக்கு வருவார். மேலிருந்து கீழாக, சோப்ரானோவுக்கு பெனிட்டா, ஆல்டோவுக்கு ஜெபா டீச்சர், டெனருக்கு நான், ஸ்டியரிங்கில் பாஸ். ஸ்டீரியோவில் எங்கள் குரலிலேயே பாட்டு ஓடும். ஆனால் மூன்று பாகம்தான் இருக்கும்; நாலாவதை எடுத்துவிடச் சொல்லியிருப்பார். எவன் பாகம் இல்லையோ அவன் வாயைத் திறந்து பாட வேண்டும். எது வரும் என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டார். யாரும் பாடவில்லை என்றால் வண்டியை ஓரம் கட்டிவிடுவார். கொக்கிரகுளம் பாலத்தின் மேல் பின்னால் பஸ்காரன் ஹாரன் அடிக்க அடிக்க, "பாடுலே, பாடினாத்தான் வண்டி நவுரும்" என்று உட்கார்ந்திருப்பார். நான் எரிந்து விழுவேன். அவர் ஸ்டியரிங்கில் தாளம் போடுவார்.

அந்தப் பாட்டுகளைச் சேர்த்துக் கொடுத்தவன் நான். ஒவ்வொருவர் குரலையும் தனியாகப் பதிவு செய்து, பாட்டுக்கு நான்கு கோப்பு போட்டேன்: சோப்ரானோ இல்லாதது, ஆல்டோ இல்லாதது, டெனர் இல்லாதது, பாஸ் இல்லாதது. இதே வரிசையில். நூற்று மூன்று பாட்டு. நானூற்றுப் பன்னிரண்டு கோப்பு.

ஆலயத்தில் போன அறுப்பின் பண்டிகை ஆராதனையில் என் பாகம் தொடங்கும் இடத்தை நான் விட்டுவிட்டேன். போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதுதான் உண்மை. நிமிர்ந்தபோது என் வரியை அண்ணாச்சி பாடிக்கொண்டிருந்தார். அத்தனை உயரத்தில், கழுத்து நரம்பு புடைக்க. நான் சேர்ந்துகொண்டதும் பைய கீழே இறங்கிவிட்டார். வெளியே வந்ததும் சொன்னார்: "நீ விட்ட எடத்த நான் எடுத்தேன். நான் விட்ட எடத்த ஒருத்தரும் கவனிக்கல பாத்தியா? அதாம்லே பாஸ்."

காரைப் பற்றியும் எழுத வேண்டும். பழைய பெட்ரோல் வண்டி. சைலன்சரில் ஓட்டை. கம்பி வைத்துக் கட்டியிருந்தார். "மாத்துங்க அண்ணாச்சி, சத்தத்துல பாட்டே கேக்கல" என்று சொன்னால், "அது நம்ம கொயருல அஞ்சாவது பாகம்லே, இருந்துட்டுப் போவட்டும்" என்பார். ஜெபா டீச்சர் காரை விட்டு இறங்கும்போதெல்லாம் நெற்றியைப் பிடித்துக்கொள்வார். "ஒங்க வண்டியில ஏறினாலே தலவலிக்கி அண்ணாச்சி." அதற்கும் பதில் வைத்திருந்தார்: "சுருதி சேராம பாடினா தலவலிக்கத்தான் செய்யும் டீச்சர்." நாங்கள் எல்லாரும் சிரித்தோம். நான் நான்கு வருடம் இஞ்சினீயரிங் படித்தவன். நானும் சிரித்தேன்.

நவம்பர் கடைசியில் பென்டிரைவ் சொருகும் இடம் ஆட்டம் கண்டுவிட்டது. வண்டி குலுங்கினால் பாட்டு நிற்கும். கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் போய்ப் பாடும் கேரல் ரவுண்டு தொடங்க ஒரு வாரம்தான் இருந்தது. பழையதைக் கழற்றிவிட்டு, உள்ளேயே பாட்டைச் சேமித்துவைக்கும் ஸ்டீரியோ ஒன்றை மாட்டிக் கொடுத்தேன். பென்டிரைவிலிருந்து ஒரு முறை ஏற்றிவிட்டால் போதும், பிறகு பென்டிரைவே வேண்டாம். அதில் இரண்டு தொந்தரவு உண்டு. நடுவில் அணைந்தால் ஏற்றியது அத்தனையும் போய், மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். கோப்பின் பெயர் நீளமாக இருந்தால் அந்த இடத்தில் நின்று, "சேர்க்கவா, விடவா?" என்று கேட்கும், ஆள் உட்கார்ந்து அமுக்க வேண்டும்.

"ஒரு நாள் வண்டிய ஒங்கிட்ட விட்டுட்டுப் போறேன், நீயே ஏத்திக் குடுத்துருலே" என்றார். முடியாது என்றேன். கடைக்கு வெளியே மூன்று வண்டி காத்துக்கொண்டிருந்தது. "பொத்தான அமுக்கிட்டு உக்காந்திருக்குற வேலை. இதுக்கெல்லாம் நான் எதுக்கு?" இவ்வளவுதான் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை மதியம் இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு அண்ணாச்சி தன் வீட்டுக் கார் ஷெட்டிலிருந்து எனக்கு போன் செய்தார். என் போனில் வரும் அழைப்பெல்லாம் தானாகப் பதிவாகும். அதைக் கேட்டுத்தான் எழுதுகிறேன், ஞாபகத்திலிருந்து அல்ல.

"ஏலே இஞ்சினீயரு, தொண்ணூத்தெட்டுல நின்னுட்டுலே. அதுவா அணைஞ்சிட்டு."

"பாட்டரி எறங்கியிருக்கும். இஞ்சின ஓட விட்டுட்டு முதல்ல இருந்து போடுங்க. நடுவுல அணைக்கவே கூடாது."

"எவ்வளவு நேரம் ஆவும்?"

"ரெண்டு மணி நேரம்."

"இங்கன மழ ஊத்துது. சாரல் ஷெட்டுக்குள்ள வரைக்கும் அடிக்கி. இரு, ஷட்டர எறக்கிட்டு வாரேன்."

பிறகு நான்கு விநாடி ஒரு சத்தம். மேலிருந்து கீழே உருண்டு வந்து தரையில் மோதும் இரும்புச் சத்தம்.

"ஆங், சொல்லு."

"சொல்ல ஒண்ணுமில்ல அண்ணாச்சி. ஓட விடுங்க. எனக்கு வேலை கெடக்கு."

"சரிலே, கோவப்படாத. நாளைக்கு ஒம் பாகத்த ஒழுங்காப் பாடு."

நாற்பத்தேழு விநாடி. என் கடைச் சுவரில் சிவப்பு எழுத்தில் ஒரு பலகை இருக்கிறது: 'ஷட்டர் மூடியிருக்கும்போது இஞ்சின் ஓடக் கூடாது.' அதை எழுதி மாட்டியவன் நான்தான். போனை வைத்தபோது அந்தப் பலகைக்கு நேர் எதிரே நின்றுகொண்டிருந்தேன்.

மாலை ஐந்து மணிக்குத் தச்சநல்லூர் வீட்டுக்குப் போனேன். அவரைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். வந்து பார்த்த டாக்டர் இதயம் நின்றுவிட்டது என்று எழுதிக் கொடுத்திருந்தார். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிற ஆள், வயது ஐம்பத்து நான்கு. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பெனிட்டா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நாலு மணி சுமாருக்கு டீ கொண்டுபோய் ஷட்டரைத் தூக்கியவள் அவள்தான். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததாம். அணைத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர்கள் வரும்வரை அவர் தலையைப் பிடித்துக்கொண்டு காருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறாள். "தல வெடிக்கிற மாதிரி இருக்குண்ணா. ரெண்டு தடவ வாந்தி எடுத்துட்டேன்" என்றாள். அழுதது, சாப்பிடாதது என்று சுற்றியிருந்தவர்கள் சொன்னார்கள்.

அந்த இடத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. ஓட்டைச் சைலன்சர், மூடிய ஷெட், ஓடும் இஞ்சின். கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. முதலில் தலைவலி, பிறகு தூக்கம்.

"ஸ்க்ரீன்ல என்ன இருந்துச்சு?" என்று அவளிடம் கேட்டேன். அந்த வீட்டில், அந்த நேரத்தில், அந்தக் கேள்வி. பாவம், அவள் பதில் சொன்னாள். "இருநூத்தி அறுவத்தி மூணு. கீழ 'சேர்க்கவா, விடவா'ன்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சு."

ஒரு கோப்பு ஏறப் பதினைந்து விநாடி. இருநூற்று அறுபத்து மூன்று ஏற ஒரு மணி ஆறு நிமிடம். போனை வைத்ததும் தொடங்கியிருந்தால், ஏறக்குறைய மூன்றே கால் மணிக்கு அந்த இயந்திரம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறது. பதில் சொல்ல ஆள் இல்லை. மூன்றே கால் மணிக்கு நான் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போன் போடும் மனிதர் இன்னும் போடவில்லையே, நிம்மதி என்று நினைத்தேன். அதுவும் ஞாபகம் இருக்கிறது.

அடக்கத்தில் மதினி என் கையைப் பிடித்துக்கொண்டார். அண்ணாச்சியின் மனைவி, நாங்கள் எல்லாரும் மதினி என்றே கூப்பிடுவோம். "ஒங்க பாட்டுகள ஏத்திக்கிட்டே போயிட்டாங்க தம்பி. நோவு இல்லாத சாவு. யாருக்குக் கெடைக்கும்?" வந்தவர்கள் எல்லாரும் அதையே திருப்பிச் சொன்னார்கள். நானும் ஆமாம் என்றேன். ஒருமுறை அல்ல.

இன்று புதன்கிழமை. காலையில் பெனிட்டா போன் செய்தாள். நினைவுக் கூட்டத்துக்கு அப்பா காரிலேயே போகலாம் என்று மதினி சொன்னாராம். "பாதியில நின்னதுல்லா, நானே ஏத்திருதேண்ணா. நீங்க அப்பாட்ட சொன்னது எனக்கும் தெரியும். இஞ்சின் ஓடணும், நடுவுல அணைக்கக் கூடாது, அவ்வளவுதான? ஷெட்டுலயே வச்சு ஏத்திருதேன். மழ வேற."

"ஸ்டார்ட் பண்ணாத. பாட்டரி வீக்கு. நான் வந்து பாக்கேன்" என்றேன். பாட்டரிக்கு ஒன்றும் இல்லை. பொய்.

"அப்பா சார்ஜர் கெடக்குண்ணா. இப்பவே போட்டா சாயங்காலத்துக்குள்ள ஏறிரும்."

"நான் வாரேன்னு சொல்லுதேம்லா, தொடாத!" கத்திவிட்டேன். "சரிண்ணா, கோவப்படாதீங்க" என்றாள். அவள் அப்பா சொன்ன அதே வார்த்தை.

பொய் சாயங்காலம் வரை தாங்கும். அதற்கு மேல் தாங்காது. மனிதரை நாலு வார்த்தை புகழ்ந்து எழுதிக் கொடுத்துவிட்டு நான் ஒதுங்கிக்கொண்டால், அந்த ஷட்டர் இன்னொரு முறை இறங்கும்.

என்னிடம் அவர் விட்டுப்போனது இரண்டு. நூற்று மூன்று பாட்டில் அவருடைய பாஸ் மட்டும் தனியாகப் பதிந்த கோப்புகள். பிறகு அந்த நாற்பத்தேழு விநாடி. முதலாவதை யார் கேட்டாலும் கொடுப்பேன். இரண்டாவதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

இனி செய்யப்போவது:

1. இன்று மாலை ஐந்து மணிக்குத் தச்சநல்லூர் போவேன். இந்தத் தாளை ஜெபா டீச்சரிடம் கொடுக்கும் முன் மதினிக்கும் பெனிட்டாவுக்கும் நேரில் வாசிப்பேன். பதிவையும் போட்டுக் காட்டுவேன், ஷட்டர் சத்தத்தோடு.

2. பெனிட்டாவை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போவேன். நடந்ததை டாக்டரிடம் நானே சொல்வேன். போலீசில் சொல்ல வேண்டும் என்று மதினி சொன்னால் அங்கும் வந்து எழுதிக் கொடுப்பேன்.

3. ஷட்டரை முழுதாகத் தூக்கி, காரை வெளியே தள்ளுவேன். தள்ளித்தான். ஸ்டார்ட் செய்து அல்ல.

4. இந்த வருடம் இதே ஸ்டீரியோவை வேறு பதினாறு பேருக்கு மாட்டிக் கொடுத்திருக்கிறேன். பதினாறு பேரிடமும் "இஞ்சின ஓட விடுங்க" என்றுதான் சொல்லியிருக்கிறேன். வெட்டவெளியில் மட்டும் என்று சொல்லவில்லை. கிளம்புவதற்குள் பதினாறு பேருக்கும் போன் போடுவேன். எடுக்காதவர்கள் வீட்டுக்கு நாளை நேரில் போவேன்.

5. சைலன்சரை மாற்றுவேன். அஞ்சாவது பாகம் இனி வேண்டாம்.

6. மதினி அதற்கு மேலும் என்னை அந்தக் காரைத் தொட விட்டால், வெட்டவெளியில் நிறுத்தி, ஒன்றிலிருந்து மறுபடி ஏற்றுவேன். இருநூற்று அறுபத்து மூன்று முடிந்ததும் அந்தக் கேள்வி வரும். அடுத்தது அறுபத்தாறாவது பாட்டின் நாலாவது கோப்பு. பாஸ் இல்லாதது. 'சேர்' என்று அமுக்குவேன்.