மாமாவின் லேஞ்சி

அம்மாவின் தம்பிக்குப் பிள்ளைகளைக் கண்டால் போதும், கன்னத்தைப் பிடித்து நாலு முத்தம் வைத்த பிறகுதான் கதையே தொடங்கும். வெள்ளவத்தையில் எங்கள் மாடிவீட்டுக் கதவைத் திறக்கிற நான்தான் முதலில் மாட்டுவேன்.

அப்படிப்பட்டவர், தங்கச்சி பிறந்து வீட்டுக்கு வந்த அன்று, சட்டைப்பை லேஞ்சியை எடுத்து மடித்து, அந்தத் துணியால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தார். நேரே பல்கனிக்குப் போய் நின்று, பிள்ளையைத் தூர இருந்து பார்த்ததோடு சரி. மறுநாளும் அதே கோலம்.

அப்பாவின் அக்கா, எங்கள் மாமி, விடுவாரா? "பொம்பிளைப் பிள்ளையெண்டதும் தாய்மாமனுக்கு முகம் சுருங்கிப்போச்சு!"

மாமா லேஞ்சியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு ஏழு வயது, பற்றிக்கொண்டு வந்தது. பல்கனிக்குப் போய், "தங்கச்சியைப் பிடிக்காட்டி இஞ்ச வராதேங்கோ" என்றேன்.

"சரி மருமோன், நீங்கள் சொன்னாச் சரி," என்றது லேஞ்சி.

அடுத்த நாளும் வந்து நின்றார். நான் அவருடைய செருப்பில் ஒன்றை லிஃப்டுக்குள் வைத்துக் கீழே அனுப்பிவிட்டேன். மனுஷன் ஒற்றைச் செருப்போடு படியிறங்கிப் போனார்.

போன மாதம் எனக்கு மகள் பிறந்தாள். அதே கிழமை என் உதட்டில் கொப்புளம். டொக்டர், "சின்ன வயசில வாய் முழுக்கப் புண் வந்ததோ?" என்று கேட்டார். அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

"ஓமடா, நாலு வயசில. ஒரு கிழமை தண்ணியும் இறங்கேல்லை. மாமா சொண்டில புண்ணோட உன்னை வாயில கொஞ்சினவன். அதாலதான் எண்டு டொக்டர் சொன்னவர். ஒருத்தருக்கும் சொல்லாதை அக்கா எண்டு அழுதவன். தங்கச்சி பிறந்த நேரமும் அவனுக்குத் திரும்பப் புண் வந்தது."

ஹேர்ப்பிஸ் வைரஸாம். அன்றே என் உடம்பு அதன் முகத்தைப் படித்து, பிறபொருளெதிரிகளைச் செய்யத் தொடங்கிவிட்டதாம். அவை இன்றும் இரத்தத்தில் காவல் நிற்கின்றன. வைரஸ் கள்ளனோ நரம்புக்குள் ஒளிந்திருந்து, நித்திரை கெட்ட நேரம் பார்த்து வெளியே வருவான். அவை மற்றப் படைகளோடு சேர்ந்து அவனை அடக்கும். ஆனால் பச்சைப் பிள்ளைக்குச் சொந்தக் காவல் இன்னும் ஆகவில்லை; தாய் கொடுத்துவிட்டதை மட்டும் நம்பியிருக்க முடியாது. ஒரு முத்தம் உயிருக்கே ஆபத்தாகலாம்.

இப்போது நான் மாஸ்க்கோடு பல்கனியில் நிற்கிறேன். உள்ளே மகள் அழுகிறாள். கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

பிடிக்காத ஆள் ஒவ்வொரு நாளும் வந்து, பேச்சும் வாங்கிக்கொண்டு, தூர நின்று பார்த்துவிட்டுப் போவாரா? ஏழு வயதில் எனக்கு அது தோன்றவேயில்லை.