என் மாமாவின் படகில் ஏறியவர்

பிள்ளைகளுக்குக் கதை எழுதுகிறவர் எவராயினும் அவருக்கு ஓர் உறவுமுறை வேண்டும் என்பது நம் நாட்டு வழக்கம். ஒருவர் அண்ணா என்பார், இன்னொருவர் தாத்தா என்பார். நம்மைக் கேட்டுக்கொண்டு உறவாடுவதில்லை. அட்டையில் தாமே அச்சிட்டுக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிடுவார்கள். எங்கள் பள்ளிக்கு வந்தவர் மாமா. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் மாமா. எனக்கோ சொந்தத்திலேயே ஒரு மாமா இருந்தார். அவருடைய பால்யத்தை இவர் திருடிக்கொண்டார் என்று பதினொரு வயதில் நினைத்தேன். கல்லூரி மேடைகளில் சொல்லை நிறுத்துப் பேசக் கற்ற பிறகும் 'திருடினார்' என்ற சொல்லுக்கு வேறு சொல் தேட எனக்கு மனம் வரவில்லை.

என் மாமா அம்மாவின் தம்பி. பழவேற்காட்டு ஏரியில் மீன் பிடிக்கும் குடும்பம். கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை எழும்பிக்கொண்டிருந்த அந்நாளில், அப்பாவுக்கு ஓர் ஆலையில் வேலை கிடைத்து நாங்கள் குடிபெயர்ந்தபோது அவரும் எங்களோடு வந்தார். வார நாட்களில் ஆலைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுவார். மின்சாரப் பெட்டிகளின்மேல் மண்டை ஓடு வரைவார். ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னைப் பதிப்பகம் ஒன்றின் பிள்ளைப் புத்தகங்களுக்குப் படம் போடுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கதை கேட்பேன்.

பல கதைகள் சொல்வார். ஆனால் நான் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான். சிறுவனாக இருந்தபோது அவரும் அவருடைய கூட்டாளி ஒருவனும் விடியுமுன் யாருக்கும் தெரியாமல் படகை எடுத்துக்கொண்டு போன கதை. ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடலாம் என்று ஊர் கூடி முறை வைத்திருக்கும். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். அடுத்தவர் பாட்டில் வலை இறக்குவது பெருங்குற்றம். அன்றைய பாடு வேறொருவருடையது, அதனால்தான் அந்தத் திருட்டுப் பயணம். முகத்துவாரத்தருகே காற்று திரும்பிப் படகு கவிழ்ந்துவிடும். துடுப்பைப் பற்றிக்கொண்டு இருவரும் நீந்துவார்கள்.

"ரெண்டு பேரும் கரையேறிட்டீங்களா மாமா?"

"ஏறிட்டோம் கண்ணு." தூரிகையைத் தண்ணீரில் வெகுநேரம் அலசுவார். "உங்கம்மாகிட்ட மட்டும் இத சொல்லாத. படவுன்னாலே அக்காவுக்கு ஆவாது."

அதற்குக் காரணம் இருப்பதாகவே எனக்குத் தோன்றியது. அம்மாவுக்கு ஒரு தம்பி அல்ல, இருவர். பெரிய மாமாவை நான் பார்த்ததில்லை. பதினைந்து வயதில் தன்னந்தனியாகப் படகெடுத்துப் போய் முகத்துவாரத்தில் மூழ்கியவர். அவருடைய நினைவு நாளில் அம்மா அழும்போது ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லிச் சொல்லி அழுவாள்: "கூட ஒருத்தன் இருந்திருந்தா கையக் குடுத்து இழுத்திருப்பானே!"

பிறகு அந்தப் புத்தகம் வந்தது. இரண்டு சிறுவர்கள், ஒரு படகு, கவிழ்க்கும் காற்று. என் மாமாவின் கதையேதான். பக்கத்துக்குப் பக்கம் என் மாமா போட்ட படம்தான். ஆனால் பின்னட்டையில் சிரித்தவர் ஊருக்கெல்லாம் மாமா. 'ஏரிக்கரையில் பிறந்து, படகிலே தவழ்ந்து, அலைகளிடம் கதை கேட்டு வளர்ந்தவர்' என்று அவருடைய வாழ்க்கைக் குறிப்பு முழங்கியது. பின்னாளில் விசாரித்தேன். அவர் பிறந்ததும் வளர்ந்ததும் சென்னையில், ஒரு வக்கீலின் மாடி வீட்டில். ஏரியைக் கண்டது ஒரே ஒருமுறை, உறவினரோடு கட்டுச்சோறு கொண்டுவந்து கரையில் சாப்பிட்டுப் போனபோது!

"உன் பேரு எங்க மாமா?" என்று புத்தகத்தைக் கவிழ்த்துத் தேடினேன்.

"அச்சுல எடம் பத்தலயாம்."

அலைகளுக்கு இடமிருந்தது, தவழ்ந்ததற்கு இடமிருந்தது, படம் போட்டவனுடைய பெயருக்கு மட்டும் இடமில்லையா? அன்று கேட்கத் தெரியாத கேள்வி. தெரிந்த கேள்வி ஒன்று மனத்தில் இருந்தது. அதற்கு விரைவிலேயே வாய்ப்பும் வந்தது.

எங்கள் பள்ளி ஆண்டுவிழாவுக்குச் சிறப்பு விருந்தினராக அவரையே அழைத்திருந்தார்கள். வரவேற்புரை நான். என் பேச்சைக் கேட்க அம்மா வந்திருந்தாள். பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசை. மாமா கடைசி வரிசையில், சுவரோரம். நான் பேசி முடித்தபோது கைதட்டல் கூரையைத் தொட்டது. அதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. அன்றைய பேச்சில் ஒரு சொல்கூட வீணில்லை.

பிறகு அவர் எழுந்தார். குரலை ஏற்றியும் இறக்கியும் தம் இளமைப் பருவத்தை எடுத்துரைத்தார். என் மாமாவின் காற்று அவர் வாயில் வீசியது. என் மாமாவின் படகு அவர் கையில் கவிழ்ந்தது. "ஐயோ அம்மான்னு கத்தினேன் பாருங்க, மீனெல்லாம் பயந்து ஓடிப்போச்சு!" என்று அவர் கண்ணை உருட்டியபோது அரங்கம் குலுங்கிச் சிரித்தது. எனக்குக் காது எரிந்தது.

"கேள்வி இருந்தா கூச்சப்படாம கேளுங்க, மாமா பதில் சொல்றேன்."

எழுந்து நின்றேன். "அன்னிக்கு அந்த எடத்துல யாரு பாடு?"

அவருக்கு விளங்கவில்லை. எங்கள் வரலாற்று ஆசிரியர் விளக்கிச் சொன்னார். விருந்தினர் பெருந்தன்மையோடு புன்னகைத்தார். "அது கடவுள் கொடுத்த தண்ணி, கண்ணு. அதுக்கு முறை வைக்க நாம யாரு? நெனச்ச எடத்துல வலை வீசினோம்!"

கைதட்டல்! ஏரியில் பிறந்த எவன் வாயிலாவது இந்தச் சொல் வருமா? ஓர் ஊரே காலங்காலமாய்க் கட்டிக்காத்த முறையை ஒரு புன்னகையில் துடைத்தெறிந்தவருக்குக் கைதட்டல். நான் உட்காரவில்லை.

"நீங்க சொல்றது பொய். இது எங்க மாமா கத. அந்தப் படவுல போனது எங்க மாமாதான். அதோ, செவுத்தோரமா குந்திகினு இருக்காரே, அவரு!"

தலைமை ஆசிரியர் பாய்ந்து வந்தார். விருந்தினர் அவரைக் கையமர்த்திவிட்டுக் கண்ணுக்குமேல் கையை வைத்துப் பார்த்தார். "யாரு, நம்ம ஆர்ட்டிஸ்டா? எழுந்திருப்பா. நீயே சொல்லு."

அரங்கம் முழுவதும் கழுத்தைத் திருப்பியது. மாமா எழுந்தார். அவர் மேடையைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையைப் பார்த்தார். அங்கே அம்மாவும் திரும்பி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லீங்க," என்றார். "நான் படவு ஏறினதே கெடயாதுங்க. பாப்பா கதைய கேட்டுகினு ஏதோ ஒளறுது."

"மீனவன் ஊட்டுப் புள்ள படவு ஏறலயாம்டா!" என்று யாரோ கத்தினார்கள். சிரிப்பு. மாமாவும் சிரித்தார். அவமானத்தை இப்படிச் சிரித்து விழுங்குகிற மனிதர்மேல் எனக்கு அப்போது எழுந்த வெறுப்பை, கதையைப் பறித்தவர்மேல்கூட நான் உணரவில்லை. நான் அவருக்காக வழக்காடினேன்; சாட்சிக் கூண்டில் ஏறிய அவரே எதிரிக்குத் தீர்ப்பெழுதித் தந்தார். தலைமை ஆசிரியர் என்னை வெளியே நிறுத்தினார். நன்றியுரை சொல்லும் வாய்ப்பு வேறொரு பெண்ணுக்குப் போயிற்று. சுமாராகத்தான் பேசினாள்.

வீடு திரும்பும் பேருந்தில் மாமா முன்னிருக்கையில் தனியாக உட்கார்ந்துகொண்டார். நானும் அம்மாவும் பின்னால். அம்மா திட்டுவாள் என்று காத்திருந்தேன். பதில்களும் வரிசையாகத் தயாராக இருந்தன. அவள் திட்டவில்லை. என் பையிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்து, படகு கவிழும் பக்கத்தை விரித்து மடியில் வைத்துக்கொண்டாள். அவள் அதைத் திறந்து பார்த்தது அதுவே முதல் முறை. படத்தில் பெரிய பையன் தலையில் ஒரு துணி கட்டியிருப்பான். மஞ்சள் துணி, ஓரத்தில் சிவப்புக் கோடு.

"இந்தத் துணி கதைல வருதாடி?"

"கதைல துணியே இல்லமா. அது மாமாவா போட்டது. அந்த ஆளுக்கு இன்னா தெரியும்?" என்றேன். நம் பக்கத்துக்கு ஒரு சான்று கிடைத்த மகிழ்ச்சி எனக்கு.

அம்மா அந்தத் துணியின்மேல் விரலை வைத்தாள், எடுக்கவில்லை. பெரிய மாமா படகெடுத்த விடியலில், தலையில் கட்ட ஏதாவது கொடு என்று கேட்டவருக்குத் தன் பழைய மஞ்சள் தாவணியைக் கிழித்துக் கொடுத்தவள் அவள். சின்னத் தம்பி அப்போது உள்ளே தூங்குகிறான் என்றே நினைத்திருந்தாள். உடல் கிடைத்தபோது தலையில் துணி இல்லை. அன்று காலை போர்வைக்குள் ஈரத்தலையோடு நடுங்கிக் கிடந்த சின்னவனுக்குக் காய்ச்சல் வியர்வை என்று எண்ணிக் கஷாயம் வைத்துக் கொடுத்தவளும் அவளே. இவையெல்லாம் அவளே சொல்லி நான் அறிந்தது பல ஆண்டுகள் கழித்து. சொந்தப் பெயரில் ஒருக்காலும் சொல்ல முடியாததை, கதையிலாவது இருவரையும் கரையேற்றி, அடுத்தவன் பெயரில் வெளிவர மாமாவே விட்டிருக்கக்கூடும் என்பதும் அதன்பிறகே எனக்குப் புரிந்தது. அதற்காக, அதை வாங்கித் தம் பின்னட்டையில் ஒட்டிக்கொண்டு மீன்களை ஓடவிட்டுச் சிரிக்கவைத்தவரை மன்னிக்க வேண்டுமென்று எனக்குத் தோன்றவில்லை.

"உங்க மாமன இங்க கூப்டு," என்றாள் அம்மா. குரல் அவளுடையதாகவே இல்லை.

"நான் அவருகூட பேச மாட்டேன்."

ஓடுகிற பேருந்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அம்மாவே எழுந்தாள். தடுமாறித் தடுமாறி முன்னால் போய் மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு தலைகளும் முன்னால் பார்த்தபடியே இருந்தன. பிறகு மாமாவின் தலை மெல்லத் தாழ்ந்தது. எனக்காகத்தான் அவரைக் கண்டிக்கப் போயிருக்கிறாள் என்று நினைத்தேன். கடைசியில் ஒருத்தியாவது என் கட்சிக்கு வந்துவிட்ட பூரிப்பில், பேருந்திலிருந்த எல்லோரும் திரும்பிப் பார்க்க, பின்னாலிருந்து உரக்கக் கத்தினேன்:

"நல்லா கேளுமா! வுடாத!"