பெயர் பார்க்காமல் கேட்ட கேசட்

உப்பளம் பகுதியில் நான் வேலை பார்க்கும் பார் காலை பதினொரு மணிக்குத் திறக்கும். நான் பத்து மணிக்கே போய்விடுவேன். கிளாஸ் துடைத்து எலுமிச்சை நறுக்குகிற அந்த ஒரு மணி நேரம் ராக் கேட்பதற்கு. எங்கள் பேண்டில் பாடுகிறவனும் வந்துவிடுவான். நான் பேஸ் கிட்டார். ஆள் வர ஆரம்பித்துவிட்டால் சினிமாப் பாட்டுதான். அதில் எனக்கு வருத்தமில்லை. குடிக்க வந்தவனைத் தண்டிக்கக் கூடாது.

பெரிய கம்பெனிகள் சீண்டாத ரெக்கார்டுகள்தான் எனக்குப் பிடிக்கும். மாடி அறையில், மெத்தையைச் சுவரில் சாய்த்து வைத்துப் பதிவு செய்தவை. பாடுகிறவன் மூச்சு வாங்குவது கேட்க வேண்டும். ஒன்றிரண்டு தப்பாவது இருக்க வேண்டும். கம்ப்யூட்டரில் இஸ்திரி போட்ட பாட்டு என்றால் இரண்டாவது நிமிடமே நிறுத்திவிடுவேன். ஒரு ஆல்பத்தில் எட்டுப் பாட்டுக்கு மேல் இருந்தால் அது கொழுப்பு.

எங்களுக்குள் ஒரு விதி உண்டு. தீர்ப்புச் சொல்லும்வரை அட்டையைப் பார்க்கக் கூடாது. யார் வாசித்தது என்று தெரிந்துவிட்டால் காது பொய் சொல்லும்.

போன வாரம் பாடுகிறவன் ஒரு கேசட் கொண்டுவந்தான். சின்ன பேண்டுகள் இப்போது மறுபடியும் கேசட் போடுகின்றன. முதல் பாட்டு முடிவதற்குள் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

"கிட்டார் சுமார். பாட்டும் சுமார். டிரம்ஸ்காரன் மட்டும் மனுசனே இல்லடா. இப்படி ஒருத்தன் நமக்குக் கெடச்சிருந்தா எங்கியோ போயிருப்போம்."

அவன் அட்டையைத் திருப்பிக் காட்டினான்.

டிரம்ஸ் வாசித்தது, மூன்று வருடம் முன்பு நான் பேண்டை விட்டு அனுப்பிய நண்பன். பள்ளிக்கூடத்திலிருந்தே என்னோடு இருந்தவன். தாளத்தில் முந்தி ஓடுகிறான் என்று எல்லோர் முன்னாலும் திட்டி அனுப்பினேன். அதற்குப் பிறகு பேசிக்கொள்ளவில்லை. எங்களுக்கு நிலையாக ஒரு டிரம்ஸ்காரன் அமையவில்லை, ஒரு பாட்டும் பதிவாகவில்லை. பாட்டு போனால் போகட்டும், அவன் இல்லாமல் எனக்கு எதுவுமே ருசிக்கவில்லை.

"இப்ப திருந்திட்டான் போல," என்றேன்.

"அப்படியா?" பாடுகிறவன் போனில் பாட்டின் வேகத்துக்குத் தாளம் தட்டும் மெட்ரோனோமை ஓடவிட்டு, நண்பன் இருந்தபோது எடுத்த எங்கள் பழைய பதிவை ஸ்பீக்கரில் போட்டான். "இப்ப கேளு."

போன் சீராக டக் டக் என்று தட்டியது. டிரம்ஸ் அதோடு ஒட்டி நடந்தது. பேஸ்தான் ஒவ்வொரு முறையும் ஒரு நூல் பிந்தி வந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் அதைத்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

அங்கேயே நின்று அந்த நண்பனுக்குப் போன் செய்தேன். எடுப்பான் என்று நினைக்கவில்லை. எடுத்தான்.

"கேசட்டக் கேட்டேன்டா. நீ முந்தல, நான்தான் பிந்தியிருக்கேன். தப்பு எம்மேல."

"எனக்கு அப்பவே தெரியும்."

"திரும்பி வந்துடுறியா?"

"இப்ப எனக்கு வேற பேண்டு இருக்குடா." கோபமில்லாமல்தான் சொன்னான்.

"தெரிஞ்சும் அன்னைக்கு ஏன்டா வாயத் தொறக்கல?"

உழவர்கரையில் அவன் வேலை செய்யும் பட்டறையின் சத்தத்தை விட்டு வெளியே வந்து பேசினான்.

"சொல்லியிருந்தா நீ கிட்டாரத் தூக்கிப் போட்டிருப்ப. எனக்கு எங்க போனாலும் ஒரு பேண்டு கெடைக்கும். உனக்கு அத வுட்டா வேற ஒண்ணும் கெடையாதுடா."