பூட்டு போடாத போனுக்குச் சான்றிதழ் கிடையாது

அடுத்தவர் போனைக் கையில் வாங்கி, அதில் எதையும் பார்க்காமல் திருப்பிக் கொடுக்கத் தெரிந்தவளுக்குத்தான் இந்த வேலை சரிப்படும். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே, நெடுஞ்சாலையோரப் பொறியியல் கல்லூரி ஒன்றில் வைஃபை பிரிவு நான்தான். பிரிவில் வேறு ஆள் கிடையாது. ஊழியர்களின் போனில் பாதுகாப்புச் சான்றிதழ் ஏற்றிக் கொடுப்பேன். அது இருந்தால், எதிரே இருப்பது கல்லூரியின் வைஃபைதானா என்று போன் விசாரித்துவிட்டுத்தான் பாஸ்வேர்டைக் கொடுக்கும். ஹெல்ப் டெஸ்க்கில் குப்பை கொட்டும் சக ஜீவன்களே, இதை ஒருவருக்குப் புரியவைப்பதற்குள் டீ ஆறிவிடும் என்பது உங்களுக்குத் தெரியாததா?

ஒரு தட்டு வேலை

எங்கள் அலுவலக மேலாளர் என்னிடம் போனைக் கொடுக்கவே இல்லை. வைஃபை அமைப்பில் 'சரிபார்க்க வேண்டாம்' என்று ஒரு வாய்ப்பு இருக்கிறது. அதைத் தட்டினால் போன் யாரையும் விசாரிக்காது, கேட்டவருக்கெல்லாம் பாஸ்வேர்டைக் கொடுத்துவிடும். அவர் அதைத் தட்டி, வைஃபை வந்ததும் போனை என் முகத்துக்கு நேரே காட்டினார்.

"ஒரு தட்டு தட்டினா வந்துடுது. இதுக்கு எதுக்கும்மா தனியா ஒரு ஆளு? இந்த செமஸ்டரோட உன் வேலைய முடிச்சிக்கலாம்னு இருக்கேன்."

கண்டாச்சிபுரம் ரூட்

டிரைவர் ஆரோக்கியசாமி கண்டாச்சிபுரம் பஸ் ஓட்டுகிறவர். பஸ்ஸில் வந்த மாணவர்களின் வருகையைக் கல்லூரி சேர்ந்ததும் போனில்தான் பதிய வேண்டும், அதற்கு வைஃபை வேண்டும். சான்றிதழ் ஏற வேண்டுமானால் போனுக்குப் பூட்டு இருந்தாக வேண்டும். அவர் போனுக்குப் பூட்டே கிடையாது. "இத்தினி வருஷம் இல்லாத பூட்டு இப்ப எதுக்குன்னு வூட்ல கேப்பாங்க மேடம். பேஜாராய்டும்" என்று போனைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார்.

போனை மறுபடி கேட்டு வாங்கி, நானே அதிலிருந்து அவர் வீட்டுக்குப் பேசினேன். கணவர் போனில் பெண் குரல் கேட்டதும் அந்த அம்மாள் என் ஊர், பேர், கல்யாணமான விவரம் எல்லாம் விசாரித்தார். என் சான்றிதழ்கூட இத்தனை கேட்காது. பிறகு பூட்டுக்கான நாலு எண்ணை அவரே சொன்னார்.

"அவரண்ட சொல்லிடாதீங்க மேடம். சாயங்காலம் வரட்டும், நான் சொல்லிக்கிறேன்."

வார்டனின் தேதி

விடுதி வார்டன் போனில் மட்டும் 'சான்றிதழ் காலாவதியானது' என்றே வந்தது. போனும் பழசில்லை, ஆறு மாதம் முன்பு வாங்கியதுதான். அரைமணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு தேதியைப் பார்த்தேன். போன் மூன்று வருடம் தாண்டி, இன்னும் வராத ஒரு வருடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மிட்டாய் உடைக்கிற விளையாட்டில் தோற்றால் மறுபடி ஆடக் காத்திருக்க வேண்டுமாம். காத்திருக்கப் பொறுமையில்லாமல் தேதியைத் தள்ளித் தள்ளி அங்கே கொண்டுபோயிருக்கிறார். தேதியைச் சரிசெய்யப் போனேன், கையைப் பிடித்துக்கொண்டார்.

"நானூறாவது லெவல்ல ஆடிக்கினு இருக்கேன்மா. சர்டிபிகேட்ட ஒரு வாரம் கழிச்சு போட்டுக்கலாமா?"

கேன்டீனில் நெட் இல்லை

செமஸ்டர் முடிய இரண்டு வாரம் இருக்கும்போது, ஒரு மதியம் ஆரோக்கியசாமி வந்தார். "கேன்டீன்ல நெட்டு வரல மேடம்." அவர் பின்னால் வார்டன், அவருக்கும் பின்னால் நாலைந்து பேராசிரியர்கள். அத்தனையும் நான் சான்றிதழ் போட்ட போன்கள். வேலை போனது போனதுதான் என்று நினைத்துக்கொண்டே கேன்டீனுக்கு ஓடினேன்.

அங்கே மூலை மேசையில் இறுதியாண்டு மாணவிகள் இரண்டு பேர் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தார்கள். கல்லூரி வைஃபையின் பேரிலேயே ஒரு பொய் வைஃபையை, முதல்வர் அனுமதியோடு, பிராஜெக்டுக்காக ஓடவிட்டிருந்தார்கள். எந்தப் போன் ஏமாந்து பாஸ்வேர்டைக் கொடுக்கிறது என்று பார்ப்பதுதான் பிராஜெக்ட். நான் தொட்ட போன் ஒன்றுகூட ஏமாறவில்லை. நெட் வராததற்குக் காரணம் அதுதான். எனக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில்தான். மாட்டியது ஒரே ஒரு பாஸ்வேர்டு. கல்லூரியின் மதிப்பெண் பதிவேடு முழுக்க அந்தப் பாஸ்வேர்டில்தான் திறக்கும். அது யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் காலை, நான் பையை வைப்பதற்கு முன்பே மேலாளர் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். போனை இரண்டு கையாலும் நீட்டினார்.

"பொறுமையா பண்ணும்மா, ஜல்தி ஒண்ணும் இல்ல. அடுத்த செமஸ்டரும் நீதான இருக்கப் போற."

அவர் பூட்டு எண்ணை அடிக்கும்போது நான் வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்; சிரித்துக்கொள்ளவும் அது வசதியாக இருந்தது.