அக்காவைக் கேட்காமல் பிரித்த கூடை

ஜப்பான்காரன் காலத்தில் என் அக்காவின் கணவரை, மச்சானை, சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். மலாயாவில் கூலிம் பக்கத்து எங்கள் ரப்பர் தோட்டத்தில், பிரம்புக் கூடைக்கு முடிச்சே இல்லாமல் விளிம்பு கட்டத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். எவ்வளவு கனம் ஏற்றினாலும் அந்த விளிம்பு பிரியாது. கம்பத்து, அதாவது பக்கத்துக் கிராமத்து, மலாய்க்காரர்கள் அந்தக் கூடைக்கு அரிசி கொடுப்பார்கள். அவர் போனபின் எங்களுக்கு வெறும் மரவள்ளிக்கிழங்குதான். அக்காவின் குழந்தைக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை.

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். பிரித்துப் பார்த்தால் கற்றுக்கொள்ளலாம் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. அக்கா கிழங்கு பிடுங்கப் போயிருந்தபோது, மச்சான் கடைசியாகப் பின்னிய கூடையை எடுத்து, ஒவ்வொரு வளைவாக நோட்டில் வரைந்துகொண்டே பிரித்தேன். மூன்றாவது வளைவில் பிரம்பு பட்டென்று ஒடிந்தது. பதற்றத்தில் இழுக்க இழுக்க, விளிம்பு முழுக்க நொறுங்கிப்போனது.

திரும்பி வந்த அக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“காஞ்ச பிரம்பைத் தண்ணியில ஊறப்போடாம பிரிப்பாங்களாடா?”

“உனக்கு எப்படிக்கா தெரியும்?”

“தெனம் ஊறப்போட்டது யாரு, வாத்தியாரே? அடி பின்னுனதும் நான்தான். விளிம்பு மட்டும் அவரு. பிரிச்சுப் பாக்க எனக்குத்தான் மனசு வரல.”

என் நோட்டில் இரண்டு வளைவுகள்தான் இருந்தன. மிச்சத்தை இருவரும் பின்னியும் பிரித்தும் பல வாரம் தேடினோம். ஒருநாள் முடிச்சில்லாமல் விளிம்பு நின்றது. அக்கா அதை அமுக்கிப் பார்த்தாள்.

“தாங்கும். ஆனா அவரு கட்டுனது மாதிரி இல்ல.”

குழந்தைக்குக் கஞ்சி கிடைத்தது. மச்சான் திரும்பி வரவில்லை. அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அவர் கை பட்ட அந்தக் கூடையாவது அவளுக்கு மிஞ்சியிருக்கும்.