எரிந்துபோன கொக்கு

"அண்ணாச்சி, இந்தக் கொக்குக்கு இறகே இல்லையே" என்றாள் கோமதி.

சங்கரன்கோவிலில் நான் கல்யாண ஸ்டுடியோ வைத்துப் பல வருஷம் ஆகிறது. கேமரா திரையில் தன் முகத்தை விட்டுவிட்டுக் கொக்கைப் பார்த்த மணப்பெண் இவள் ஒருத்திதான்.

கல்யாணம் முடிந்த கையோடு, வாசுதேவநல்லூர் பக்கம் ஒரு குளத்துக்குக் கீழே, வயல் வரப்பில் நின்றிருந்தோம். கோமதி கல்லூரிக் காலத்திலிருந்தே பறவை பார்க்கிறவள். பின்னால் கொக்குகள் பறக்க, அவளும் மாப்பிள்ளை மாரிராஜும் நிற்கிற படம் ஆல்பத்தின் நடுப்பக்கத்தில் வேண்டும் என்று கேட்டிருந்தாள். மாரிராஜ் அவளுடைய அத்தை மகன். அத்தையும் கூட வந்திருந்தார்.

திரையில் கொக்கு இருந்த இடமெல்லாம் கருப்பாகச் சிமிட்டியது. வெள்ளை அளவு மீறினால் கேமரா காட்டும் எச்சரிக்கை அது. வெள்ளை எரிந்துவிட்டது என்போம். இறகில் ஒரு வரிகூட இல்லை. பேப்பரில் வெட்டி ஒட்டியது போல் இருந்தது.

கல்யாணப் படம் என்றால் எக்ஸ்போஷரை, அதாவது கேமரா வாங்கும் வெளிச்சத்தை, ஒரு ஸ்டாப், ஒரு படி, கூட்டியே வைப்பது எங்கள் பழக்கம். முகம் வெளுப்பாக வரும், வீட்டாருக்குச் சந்தோஷம். போதாததற்குப் பின்னால் கரும்பச்சை வயல். இருட்டு என்று நினைத்துக் கேமராவும் தன் பங்குக்குக் கூட்டிவிட்டது.

"குறைச்சு எடுங்க அண்ணாச்சி."

"குறைச்சா கொக்கு நல்லா வரும். உன் முகம் டல்லாயிரும்மா."

அத்தை குறுக்கே வந்தார். "வேண்டாம் தம்பி, கூட்டியே வைங்க. ஆல்பத்த நாலு பேரு பாப்பாங்கள்லா. புள்ள கருப்பால்லா தெரிவா."

கோமதி சிரித்தாள். "நான் கருப்புதான அத்தே?"

"ஏட்டி, சும்மா இரு."

மாரிராஜ் சட்டைக் கையை மடித்துக்கொண்டே சொன்னான். "அம்மா, அவ கலர்லயே இருக்கட்டும். அந்த மொகத்தப் பாத்துத்தான் கட்டுனேன்."

அத்தை விறுவிறுவென்று போய்க் காரில் உட்கார்ந்துகொண்டார். ஆல்பத்துக்குச் சொன்னவர் அவர்தான். பிடிக்கவில்லை என்றால் முழு ஆல்பத்தையும் திருப்பிவிடுவார்.

அதற்குள் கொக்குகள் அடுத்த வயலில் உழுத டிராக்டர் பின்னால் போய்விட்டன. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இருவரையும் அந்த வரப்புக்குக் கூட்டிப்போய், வெளிச்சம் முகத்தில் பக்கவாட்டில் விழும்படி நிறுத்தினேன். கூட்டி வைத்த ஸ்டாப்பை எடுத்துவிட்டு, அதற்குக் கீழேயும் ஒரு ஸ்டாப் இறக்கினேன். நிழலில் கிடப்பதைக் கம்ப்யூட்டரில் கொஞ்சம் தூக்கிவிடலாம். எரிந்த வெள்ளையைத் திரும்பக் கொண்டுவர வழியே கிடையாது.

டிராக்டர் திரும்பியது. கொக்குகள் மொத்தமாக எழும்பின. ஷட்டரிலிருந்து விரலை எடுக்கவில்லை.

திரையில் ஒரு சிமிட்டல்கூட இல்லை. ஒவ்வொரு இறகும் தனித்தனியாக, வெயில் ஊடுருவித் தெரிந்தது. "பாத்தியளா, காலு கருப்பு, பாதம் மஞ்ச. இந்த இனத்துக்குப் பேரே சின்னக் கொக்கு" என்று மாரிராஜுக்குப் பாடம் நடத்தினாள் கோமதி. அவன் அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தான்.

கம்ப்யூட்டரில் உட்கார்ந்தபோது பழக்கத்தில் கை அவள் முகத்தை வெளுப்பாக்கப் போனது. விட்டுவிட்டேன்.

ஆல்பம் வாங்க அத்தைதான் வந்தார். நடுப்பக்கம் வந்ததும் புரட்டுவதை நிறுத்திவிட்டார். நான் பதிலைத் தயார் செய்துகொண்டிருந்தேன்.

"தம்பி, இந்தத் தாடையப் பாருங்க" என்றார் மெதுவாக. "அப்படியே எங்க அம்மை. இத்தன வருசமா இவளப் பாக்கேன், எனக்குத் தெரியலயே." கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதயே பெருசா ஒண்ணு போட்டுக் குடுங்க, வீட்டுல மாட்டணும்" என்றார்.

இப்போதெல்லாம் யார் வந்து நின்றாலும் கேமராவைக் கூட்டாமல் குறைக்காமல் பூஜ்யத்தில் வைத்துத்தான் தொடங்குகிறேன். ஒரு புள்ளி கூட்டுவதென்றாலும் எதிரே நிற்கிறவரைக் கேட்டுக்கொள்கிறேன்.