சித்தியின் வெள்ளைச் சோறு

எங்கள் வீட்டில் யாருக்கும் எதிலும் சந்தேகம் வந்ததில்லை. தென்காசியில் நெல் மில் வந்த புதிதில், நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசியே உடம்புக்கு உகந்தது என்று முடிவாயிற்று. அது நோயாளிக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் மட்டும். மற்றவர்களுக்கு வீட்டில் குத்திய சிவப்பரிசி, தவிடு பசுவுக்கு.

என் சித்தி பிள்ளை பெற்று மூன்று மாதமாகியும் கால் வீங்கி, மரத்துப்போய், நிற்க முடியாமல் படுத்திருந்தாள். வீங்க வீங்க என் அம்மை பத்தியத்தை இறுக்கினாள். பருப்பு வாயு, கீரை குளிர்ச்சி என்று ஒவ்வொன்றாக நிறுத்தியதில், கடைசியில் பலமுறை களைந்து வடித்த வெள்ளைச் சோறும் மிளகு ரசமுமே மிஞ்சின. சித்தப்பா தம் பங்குக்கு அவளை வில்வண்டியில் குற்றாலத்துக்குக் கொண்டுபோய் அருவித் தண்ணீரில் காலை நனைத்துக் கூட்டிவந்தார்.

எட்டு வயதில் எனக்கு அந்தச் சோற்றின்மேல் அப்படி ஓர் ஆசை. சித்திக்குத் துணையாக உட்கார்ந்து சாப்பிடுவது என் வேலை. ஒருநாள் வாய்விட்டுக் கேட்டேன்.

“எடுத்துக்கோட்டி, எனக்கு அதப் பாத்தாலே குமட்டுது” என்றாள்.

என் சிவப்புச் சோற்றையும் சிறுபயற்றுக் குழம்பையும் அவளிடம் தள்ளினேன். பிறகு தினமும் அதுதான். மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்து, சித்தி சுவரைப் பிடித்து நடந்தாள். அருவித் தண்ணீர் என்றார் சித்தப்பா; பத்தியம் என்றாள் அம்மை.

ஒரு மத்தியானம் அம்மை என்னைக் கையும் களவுமாகப் பிடித்தாள். “சீக்காளி சோத்தையாட்டி திங்குத?” முதுகில் நாலு வைத்தாள்.

“அவள அடிக்காதிய அக்கா, நாந்தான் குடுத்தேன்” என்றாள் சித்தி. அம்மை கேட்கவில்லை.

வலியைவிட வெட்கம்தான் என்னைப் பிடுங்கித் தின்றது. சித்தி என்றால் எனக்கு உயிர். பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போட்டு, இனி அதைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். மறுநாள் சித்தி தன் இலையை மெதுவாக என் பக்கம் தள்ளினாள்.

“மாட்டேன் சித்தி, அது ஒங்களுக்குள்ளது” என்றேன், பெரிய மனுஷியாட்டம். அவள் கெஞ்சியும் நான் அசையவில்லை.

மாதம் திரும்புவதற்குள் சித்தி மறுபடி விழுந்தாள். இந்தத் தடவை மூச்சும் வாங்கியது. பிழைப்பாளா என்றே வீட்டில் பயந்தார்கள். செங்கோட்டையிலிருந்து வந்த டாக்டர் காலை அமுக்கிப் பார்த்தார், அடுக்களைக்குப் போய்ப் பானையையும் பார்த்தார், ஊசி போட்டார்.

“இந்தச் சோத்த நிறுத்துங்க. வைட்டமின்னு ஒரு சத்து, தவிட்டோட போயிருது. தவிடும் பயறும் குடுங்க.”

“மாட்டுக்கு வைக்கதையா?” என்றாள் அம்மை.

“மாடு நல்லாத்தான இருக்கு” என்றார் அவர்.

சித்தி பிழைத்துவிட்டாள். ஆனால் அன்று டாக்டர் போனதும், “எங் கையாலேயே அவளக் கொல்லப் பாத்தேனே” என்று அம்மை அடுக்களையில் உட்கார்ந்து அழுதாள். அவளைத் தேற்ற வேண்டும்போல் இருந்தது எனக்கு. பக்கத்தில் போய், “யம்மா, நீ அடிச்ச பெறகு நான் என் செவப்புச் சோத்த சித்திகூட ஒரு பருக்கையக்கூட மாத்திக்கிடல” என்றேன்.

அம்மை அழுகையை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள். பாராட்டப் போகிறாள் என்று காத்து நின்றேன்.